சதுப்பின் பீட், தோப்பின் நார்க்கழிவு

ஐரோப்பாவின் நர்சரித் தொழிலைப் பல ஆண்டுகளாக உலுக்கிவரும் கேள்வி, தொட்டியில் எதை நிரப்புவது என்பதுதான். இரண்டு தலைமுறைகளாக அங்கே அதற்கு ஒரே விடை இருந்தது: பீட். குளிர்நாட்டுச் சதுப்புகளில் ஸ்பேக்னம் என்னும் பாசி செத்து, நீருக்குள் காற்றுப் படாமல் கிடந்து, முழுதாக மட்காமல் அடுக்கடுக்காகப் படிந்த பழுப்புப் பொருள் அது. அதைக் கைவிட வேண்டும் என்று அரசுகள் பேசத் தொடங்கியதும் பட்டை, மரநார், மட்கிய இலைதழை என்று பல பொருள்கள் அந்த இடத்துக்குப் போட்டியிட்டன. அவற்றில் கடல் தாண்டிப் போய் இடம்பிடித்தது தென்னை நார்க்கழிவு, அதாவது கோகோபீட். பொள்ளாச்சி, உடுமலை, காங்கேயம் பக்கத்து மில்களிலும் இலங்கையின் குருநாகல் வட்டாரத்திலும் மட்டையிலிருந்து நாரை உரித்தபின் மிஞ்சும் தூள்.

இவை இரண்டில் எது மேல் என்று கேட்டால் தயங்காமல் நார்க்கழிவு என்றுதான் சொல்வேன். ஆனால் அது மேலானதாக இருப்பதற்கு ஒரு செலவு இருக்கிறது. அந்தச் செலவு யார் தலையில் விழுகிறது என்பதை இரு தரப்புக் கொள்கைகளும் பார்க்க மறுக்கின்றன.

முதலில் பீட் எப்படித் தொட்டிக்குள் வந்தது என்று பார்க்கலாம். 1930-களில் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் தோட்டக்கலை ஆய்வு நிலையம் வகுத்த தொட்டிக் கலவையில் ஏழு பங்கு வண்டல் மண், மூன்று பங்கு பீட், இரண்டு பங்கு மணல். அதாவது அப்போது பீட் ஒரு துணைப் பொருள்தான். நல்ல மண் கிடைப்பது அரிதாகி, அதைச் சுத்தப்படுத்துவதும் சுமப்பதும் செலவான பிறகு, 1950-60-களில் கலிபோர்னியா பல்கலைக்கழகமும் கார்னெல் பல்கலைக்கழகமும் மண்ணே இல்லாத கலவைகளை வகுத்தன. அங்கிருந்துதான் பீட்டின் ஆட்சி. எடை குறைவு, களை விதை கிடையாது, நோய்க்கிருமி குறைவு. சத்து என்று ஒன்றும் இல்லாததே அதன் பெரிய பலம். என்ன உரம், எவ்வளவு என்பதை வளர்ப்பவரே தீர்மானிக்கலாம். கார அமில நிலை 3.5 முதல் 4.5 வரை இருப்பதால் சுண்ணாம்பு கலந்து வேண்டிய அளவுக்கு உயர்த்திக்கொள்ளலாம். இந்த ஆண்டு வாங்கிய மூட்டையும் அடுத்த ஆண்டு வாங்கும் மூட்டையும் ஒரே மாதிரி இருக்கும். இயந்திரம் தொட்டி நிரப்பி, இயந்திரம் விதை ஊன்றி, லட்சக்கணக்கான நாற்றுகள் ஒரே உயரத்தில் லாரி ஏறும் இன்றைய நர்சரித் தொழில் இந்த ஒரே சீரான தன்மையின் மேல்தான் எழுந்தது. பீட்டை விடச் சொன்னால் ஐரோப்பிய நர்சரிக்காரர்கள் பதறுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்த மூட்டை எங்கிருந்து வருகிறது? சதுப்பின் மேல் வரிசையாக வாய்க்கால் வெட்டி முதலில் தண்ணீரை வடிக்கிறார்கள். மேலே வளர்ந்திருக்கும் பாசியையும் செடிகளையும் சுரண்டி எடுக்கிறார்கள். கோடையில் வெயில் அடிக்கும் நாள்களில் மேற்பரப்பை மெல்லிய ஏடாகக் கிளறிவிட்டு, காய்ந்ததும் இயந்திரத்தால் உறிஞ்சி எடுக்கிறார்கள். சதுப்பு ஓராண்டில் வளர்வது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். ஒரு மீட்டர் பீட் சேர ஆயிரம் ஆண்டு ஆகும். உலக நிலப்பரப்பில் பீட் நிலங்கள் சுமார் 3 விழுக்காடுதான். ஆனால் உலகக் காடுகள் அனைத்திலும் உள்ளதைப்போல் இரு மடங்குக்கு மேல் கரிமம் அவற்றில் அடைந்து கிடக்கிறது. தண்ணீரை வடித்த நாளிலிருந்தே காற்றுப் பட்டு அந்தக் கரிமம் கரியமில வாயுவாக வெளியேறத் தொடங்குகிறது. தொட்டிக்குப் போன பிறகும் அது நிற்பதில்லை.

நமக்கு இது முற்றிலும் அந்நியமான பொருளும் அல்ல. நீலகிரியின் மேட்டுப் புல்வெளிகளுக்கு நடுவே, சோலைகளை ஒட்டிய பள்ளங்களில் பீட் படிவுகள் இருக்கின்றன. ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் அந்தப் படிவுகளை அடுக்கடுக்காக ஆராய்ந்து, கடந்த 20,000 ஆண்டுகளில் தென்னிந்தியாவில் மழையும் வறட்சியும் எப்படி மாறிமாறி வந்தன என்பதை 1993-இல் வெளியிட்டார்கள். அப்படிப்பட்ட ஏடுகளைத்தான் பெட்டூனியா நாற்று வளர்க்க மூட்டை கட்டி விற்கிறோம் என்று நினைக்கும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை.

நார்க்கழிவின் கதை நேர் எதிரானது. தேங்காய் மட்டையின் எடையில் நார் சுமார் மூன்றில் ஒரு பங்கு, மீதி தூள்தான். நாருக்குக் கயிறு, மெத்தை, மிதியடி என்று விலை உண்டு. தூளுக்கு நெடுங்காலம் ஒரு விலையும் இல்லை. மில்லுக்குப் பின்னால் மலைபோல் குவிந்து கிடக்கும். மழை பெய்தால் அதிலிருந்து செம்பழுப்பு நீர் வடியும். கோடையில் தீப்பிடித்தால் நாள்கணக்கில் உள்ளுக்குள்ளேயே கனன்று புகையும். லிக்னினும் டானினும் மிகுந்திருப்பதால் எளிதில் மட்காது. ஒரு டன் கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக் காளான் வித்தும் சேர்த்து அடுக்கி மட்கவைக்கும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரப்பியது. கயிறு வாரியமும் இதே வகைக் காளானை வைத்து ‘பித்பிளஸ்’ என்ற கலவையைக் கொடுத்தது. அப்போதும் கழிவின் பெரும்பகுதி குவியலாகவே கிடந்தது. அதைப் பொருளாக மாற்றியது வெளிநாட்டு நர்சரிகளும் கண்ணாடிக்குடில்களும்தான். 2019-20-இல் இந்தியாவின் கயிறுப் பொருள் ஏற்றுமதி 2,757.90 கோடி ரூபாய். அதில் ஏறத்தாழ பாதி நார்க்கழிவால் வந்தது. கயிறும் மிதியடியும் அதற்குப் பின்னால் போய்விட்டன. ஐந்துக்கு ஒன்றாக அழுத்திக் கட்டியாக்கினால் ஒரு 5 கிலோ கட்டி நீரில் ஊறி எழுபது லிட்டருக்கு மேல் தூளாக விரியும். அதனால் கப்பலில் இவ்வளவு தூரம் போவதும் கட்டுப்படியாகிறது.

தொட்டிக்குள் இரண்டும் எப்படி நடந்துகொள்கின்றன? சில வகைகளில் நார்க்கழிவு ஒருபடி மேல். பீட் ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காது; மேலே ஊற்றும் நீர் ஓரமாக வழிந்து கீழே போய்விடும். நார்க்கழிவு எத்தனை முறை காய்ந்தாலும் தொட்டவுடன் நீரை உறிஞ்சும். கார அமில நிலை பெரும்பாலான செடிகளுக்கு ஏற்றபடி 5.5-லிருந்து 6.5 வரை இருப்பதால் சுண்ணாம்பு வேலை இல்லை. மொட்டுக் காளான் வளர்ப்பில் மேல்மூட்டு மண்ணாக பீட்டை விட்டால் வேறு வழியே இல்லை என்று அயர்லாந்துக் காளான் பண்ணைகள் சொல்கின்றன. பீட் கிடைக்காத இந்தியாவிலோ அந்த இடத்தில் நார்க்கழிவைத் தொழு உரத்தோடு கலந்து போடுகிறார்கள்.

நார்க்கழிவு தோற்கும் இடம் உப்பு. கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடமும் இதுதான். தென்னை, சாம்பல் சத்தை விரும்பி உண்ணும் மரம். மரத்துக்கு ஆண்டுக்கு 2 கிலோ பொட்டாஷ் உரம் வேண்டும் என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. அந்தப் பொட்டாசியத்தில் கணிசமான பங்கு மட்டைக்குள் போய்த் தங்குகிறது. உவர்த் தண்ணீரில் மட்டையை ஊறவைத்திருந்தால் சோடியமும் சேர்ந்திருக்கும். அப்படியே பையில் அடைத்து அனுப்பினால் நாற்றின் வேர் நுனி கருகும். ஆகவே முதல் வேலை கழுவுவது. தொட்டியிலோ களத்திலோ தூளைப் பரப்பி நல்ல தண்ணீர் பாய்ச்சி வடிக்கிறார்கள். முதலில் வடிவது கட்டங்காப்பி நிறத்தில் இருக்கும், போகப்போக வெளுக்கும். மின்கடத்துத்திறன் 0.5-க்குக் கீழே இறங்கினால் ‘லோ ஈ.சி.’ சரக்கு, இறங்காவிட்டால் ‘ஹை ஈ.சி.’. இரண்டுக்கும் விலை வேறு.

கழுவிவிட்டால் மட்டும் முடிந்துவிடாது. தூளின் துகள்களில் சோடியமும் பொட்டாசியமும் மின்னேற்றத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும் பங்கு வெறும் தண்ணீரில் போகாது. நர்சரிக்காரர் பிறகு உரக் கரைசல் விடும்போது தூள் அதிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, தன்னிடமிருந்த சோடியத்தையும் பொட்டாசியத்தையும் அவிழ்த்துவிடும். செடிக்குக் கால்சியம் போட்டும் கால்சியம் பற்றாக்குறை வரும். தக்காளியில் காயின் அடிப்பகுதி கறுக்கும். இதைத் தடுக்கக் கால்சியம் நைட்ரேட் கரைசலில் தூளைப் பல மணி நேரம் ஊறவைத்து, மறுபடி நல்ல தண்ணீரில் அலசுகிறார்கள். இதற்கு ‘பஃபரிங்’ என்று பெயர். ஸ்ட்ராபெரிக்கும் குழித்தட்டு நாற்றுக்கும் ஐரோப்பிய வாங்குநர்கள் பஃபர் செய்த சரக்கைத்தான் கேட்கிறார்கள். ஆக முதல் தண்ணீரில் பொட்டாசியமும் சோடியமும் குளோரைடும் டானினும், இரண்டாம் தண்ணீரில் இவற்றோடு நைட்ரேட்டும் வெளியேறுகின்றன. அந்தத் தண்ணீர் இங்கே தங்கிவிடுகிறது. கழுவிய தூள் மட்டும் துறைமுகம் போகிறது.

இந்தப் பின்னணியில் இரண்டு இடத்துக் கொள்கைகளையும் எதிரெதிரே வைக்கலாம்.

பிரிட்டன் அரசு 2011-இல் தன்னார்வ இலக்குகளை வைத்தது: வீட்டுத் தோட்டக்காரர்களுக்கான பீட் விற்பனை 2020-க்குள் நிற்க வேண்டும், தொழில்முறை நர்சரிகள் 2030-க்குள் நிறுத்த வேண்டும். முதல் இலக்கு தவறிப்போனது. பிறகு மக்கள் கருத்து கேட்டார்கள். ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் எழுதினார்கள். சில்லறை விற்பனைத் தடையை 95 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். 2022 ஆகஸ்டில் இங்கிலாந்தில் சில்லறை விற்பனைக்கு 2024-க்குள் தடை என்று அறிவிப்பு வந்தது. அடுத்த ஆண்டு, தொழில்முறைப் பயன்பாட்டுக்கு 2026-இல் தடை, சிலவற்றுக்கு 2030 வரை விலக்கு என்றார்கள். 2024-இல் தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது. அறிவித்த ஆண்டு முடிந்தபோதும் தடைச் சட்டம் நிறைவேறியிருக்கவில்லை. நர்சரிக்காரருக்கு இது மிகக் கெட்ட நிலை. புதிய கலவைக்கு மாறுவது என்றால் தண்ணீர் விடும் நேரம், உரக் கரைசல், தொட்டி நிரப்பும் இயந்திரம் எல்லாவற்றையும் மாற்றிச் சில பருவங்கள் சோதித்துப் பார்க்க வேண்டும். சட்டம் வருமா வராதா என்று தெரியாமல் யார் அந்த முதலீட்டைச் செய்வார்கள்? முன்கூட்டியே மாறியவர்கள் செலவு செய்தார்கள். மாறாதவர்கள் மலிவாக விற்றுக்கொண்டிருந்தார்கள்.

அயர்லாந்தில் வேறு வழியில் சிக்கல் வந்தது. 30 ஹெக்டேருக்கு மேற்பட்ட சதுப்புகளில் திட்ட அனுமதி இல்லாமல் பீட் எடுக்க இடம்கொடுத்த விதிகளை 2019-இல் உயர் நீதிமன்றம் செல்லாதவையாக்கியது. அரசு நிறுவனமான போர்ட் நா மோனா 2021 ஜனவரியில் பீட் எடுப்பதை முறைப்படி முடித்துக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் லாத்வியாவிலிருந்து 3,600 டன் பீட் ஏற்றிய கப்பல் ட்ரோஹெடா துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. உள்ளூர் நர்சரிகளும் காளான் பண்ணைகளும் வேறென்ன செய்யும்? தன் சதுப்பைக் காத்த நாடு, மாற்றுப்பொருளுக்கு வழி செய்யாததால் இன்னொரு நாட்டுச் சதுப்பைத் தோண்ட வைத்தது. ஓரிடத்தில் மட்டும் போடும் தடை என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி நம் பக்கம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2016-இல் தொழில்களை மாசு மதிப்பெண் வைத்துச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று பிரித்தபோது கயிறுத் தொழில் மாசு இல்லாத வெள்ளைப் பிரிவில் இருந்தது. வெள்ளை என்றால் இயங்குவதற்கு இசைவாணை தேவையில்லை. தகவல் தெரிவித்தால் போதும். பொள்ளாச்சிப் பக்கம் நார்க்கழிவு கழுவும் நிலையங்கள் பெருகப் பெருக, கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறிவிட்டது, உப்பேறிவிட்டது என்று விவசாயிகள் புகார் கொடுத்தார்கள். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-இல் இத்தொழிலை ஆரஞ்சுப் பிரிவுக்கு மாற்றியது. மில்காரர்கள் கொதித்தார்கள். வெறும் நார் உரிக்கும் சிறு மில்லையும் தூளைக் கழுவிப் பஃபர் செய்யும் ஏற்றுமதி நிலையத்தையும் ஒரே தட்டில் வைப்பது சரியா என்று அவர்கள் கேட்டதில் நியாயம் உண்டு. கிணறு கெட்டவர் கேட்பதிலும் நியாயம் உண்டு. அவர் கோகோபீட் விற்றவரும் இல்லை, வாங்கியவரும் இல்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அடிப்படையில் ஒரு வேறுபாடு தெரிகிறது. பீட் பற்றிய பிரிட்டன் கொள்கை விற்பனை முனையில் நிற்கிறது: கடையில் மூட்டை இருக்கலாமா கூடாதா என்பதே அதன் கேள்வி. நார்க்கழிவு பற்றிய நம் கொள்கை உற்பத்தி முனையில் நிற்கிறது: மில்லிலிருந்து தண்ணீர் வெளியே போகலாமா கூடாதா என்பது. முதல் கொள்கையால் தேவை கூடுகிறது, இரண்டாம் கொள்கையால் செலவு கூடுகிறது, நடுவில் விலை மட்டும் வாங்குநர் கையில் இருக்கிறது. நெதர்லாந்தின் ஆர்.எச்.பி. முத்திரை சரக்கின் தரத்துக்குத் திட்டமான அளவுகோல் வைத்திருக்கிறது. பையில் இருக்கும் தூளில் சோடியம் எவ்வளவு என்று அது பார்க்கும். அந்தச் சோடியம் எந்தக் கிணற்றுக்குப் போனது என்று சொல்வது அந்த முத்திரையின் வேலையாக இருந்ததில்லை. பிரிட்டனில் தொழில்துறையே உருவாக்கிய பொறுப்பான கொள்முதல் திட்டம் ஒன்று இருக்கிறது. வளர்ப்பு ஊடகங்களுக்கு ஆற்றல், தண்ணீர், தொழிலாளர் நலன், வாழிடம், மாசு, புதுப்பிக்கும் தன்மை, வளத்தை வீணாக்காமை என ஏழு கோணங்களில் மதிப்பெண் தருகிறது. நான் பார்த்தவற்றில் நேர்மையான முயற்சி இதுதான். பீட்டின் குறையும் நார்க்கழிவின் குறையும் ஒரே தாளில் பதிவாகின்றன. ஆனால் அது கட்டாயமில்லை; சேராதவர்களை யாரும் கேட்பதில்லை.

வழங்கலில் இரண்டும் எதிர்பாராத அளவுக்கு ஒத்திருக்கின்றன: இரண்டையும் காயவைப்பது வெயில். பால்டிக் நாடுகளில் கோடை மழையாகப் போனால் பீட் அறுவடை குறையும். பொள்ளாச்சியில் பருவமழை நீண்டால் களம் காயாது. தென்னைக்கு இதற்கு மேலும் தொல்லைகள். 2016-இல் இந்தியாவில் முதன்முதலாகச் சுருள் வெள்ளை ஈயைக் கண்டது பொள்ளாச்சித் தோப்புகளில்தான். அதை ஒட்டி வந்த கடும் வறட்சியும் வாடல் நோயும் காய்ப்பைக் குறைத்தன. காய் குறைந்தால் மட்டை குறையும், தூள் குறையும். லண்டனில் தொட்டி நிரப்புபவரின் விலைப் பட்டியல் ஆனைமலைத் தோப்பில் உட்கார்ந்திருக்கும் வெள்ளை ஈயைப் பொறுத்தது என்பதை அங்கே கொள்கை எழுதுபவர்கள் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

நம் நர்சரிகளும் இதே தூளை நம்பித்தான் இருக்கின்றன. 98 குழித் தட்டு ஒன்றை நிரப்ப ஏறத்தாழ 1.25 கிலோ கோகோபீட் வேண்டும். 300 கிலோவில் 238 தட்டு, இருபத்து மூவாயிரத்துக்கு மேல் நாற்று. தக்காளி, மிளகாய், கத்தரி விவசாயிகள் மேட்டுப்பாத்தியை விட்டுக் குழித்தட்டுக்கு மாறிய பிறகு இது அன்றாடப் பொருள். ஏற்றுமதிக்குச் சரக்கு போகும் வேகத்தில் உள்ளூர் நர்சரிக்குச் சரியாகக் கழுவாத சரக்கு வந்து சேர்ந்தால், நாற்று ஏன் வெளிறுகிறது என்று புரியாமல் நர்சரிக்காரர் விதைக் கம்பெனியிடம் சண்டைக்குப் போவார். ஏற்றுமதிச் சரக்குக்கு இருக்கும் தர அளவுகளை உள்ளூர் மூட்டையின் மேலும் அச்சிட வேண்டும் என்று ஒரு விதி வந்தால்கூட பாதிப் பிரச்சினை தீரும்.

பீட்டின் சேதத்தை மனித ஆயுளுக்குள் திருத்த முடியாது. வாய்க்காலை அடைத்து மறுபடி நீர் தேக்கலாம்; போன பீட் திரும்ப ஆயிரம் ஆண்டு வேண்டும். நார்க்கழிவின் சேதம் அப்படிப்பட்டதல்ல. அது ஒரு தண்ணீர்ப் பிரச்சினை. தண்ணீர்ப் பிரச்சினைக்குப் பொறியியல் வழி உண்டு. கொங்குப் பகுதிக்கு இதில் கசப்பான அனுபவமும் இருக்கிறது. திருப்பூர்ச் சாயக் கழிவு நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் கெடுத்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் கழிவுநீரே வெளியேறாத சுத்திகரிப்பு முறை அங்கே உண்மையில் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் ஒரு பாசனப் பகுதியே பாழாகியிருந்தது. நார்க்கழிவில் அந்த அளவுக்கு இன்னும் போகவில்லை. அதுவரை காத்திருக்கவும் வேண்டாம்.

இதில் சாயக் கழிவைவிட ஒரு பெரிய வசதி இருக்கிறது. முதல் கழுவு நீரில் இருக்கும் பொட்டாசியம் நம் விவசாயி காசு கொடுத்து வாங்கிப் போட்டது. பொட்டாஷ் உரத்துக்கு இந்தியா முழுக்க முழுக்க இறக்குமதியை நம்பியிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த சத்து தோப்புக்குப் போய், மட்டைக்குள் ஏறி, கழுவு நீரில் இறங்கி, பக்கத்துக் கிணற்றைக் கெடுக்கிறது. முதல் தண்ணீரைத் தனியே பிடித்து, சோடியம் எவ்வளவு என்று பார்த்து, வேண்டிய அளவு நீர்த்துத் தென்னைக்கே பாய்ச்ச முடியுமா என்பதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்க்கலாம். தென்னை குளோரைடையும் ஓரளவு விரும்பும் மரம்தான். நைட்ரேட் கலந்த பஃபர் நீரை அதோடு கலக்காமல் வேறு தொட்டியில் பிடித்து மறுபடி பயன்படுத்த வேண்டும். இதற்குத் தொட்டி, குழாய், மழைநீர் சேமிக்கும் குளம், பல மில்களுக்குப் பொதுவான சுத்திகரிப்பு நிலையம் எல்லாம் வேண்டும். சிறு மில் ஒன்று தனியாகக் கட்ட முடியாது. பொது நிலையத்துக்கு அரசு முதல் போடலாம். அதை நடத்தும் செலவு பீட் வேண்டாம் என்று முடிவெடுத்த நாடுகளின் கொள்முதல் விலையில், ஒரு கட்டிக்கு இவ்வளவு என்று, பட்டியலில் தனி வரியாக இருக்க வேண்டும்.